ஆறு விசிறிகளையும் ஒரே ஹெடரில் பூட்டிக் கொடுத்த கடை

சென்னை ரிச்சி தெருவில், கணினிப் பெட்டியைக் குளிர்விக்கும் கேபினட் விசிறிகளை வாங்கி, அவற்றை அங்கேயே பூட்டித் தரச் சொல்லும் எண்ணம் உள்ளவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணினியை நானே உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினேன். கேபினட்டோடு வந்த மூன்று விசிறிகளும், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் அதற்கென்று இருந்த மூன்று ஹெடர்களில் (விசிறியின் ஒயரைச் செருகி மின்சாரம் பெறும் இணைப்பிடங்கள்) ஒன்றுக்கு ஒன்றாகச் செருகப்பட்டு, இரண்டு ஆண்டுகள் குறையின்றி ஓடின. கத்திரி வெயிலில் வீடியோ எடிட்டிங் செய்யும்போது கிராபிக்ஸ் கார்டின் சூடு அளவுக்கு மீறி ஏறியதால், இன்னும் மூன்று விசிறிகள் சேர்க்க முடிவு செய்து கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று ஹெடர்களில் ஆறு விசிறிகளை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டதற்கு, “ஸ்ப்ளிட்டர் போட்டால் எத்தனை வேண்டுமானாலும் ஓடும் சார்” என்று பதில் வந்தது. ஒரு ஹெடரைப் பல முனைகளாகப் பிரிக்கும் ஒயர்தான் ஸ்ப்ளிட்டர். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து, பின்பக்கத் தகட்டையும் மூடித் திருகிக் கொடுத்துவிட்டார்கள். திறந்து காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது என் பிழை.

அன்றிரவே ஓர் அறிகுறி தெரிந்தது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) விசிறியின் வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று ஒரு கணமும் 7,000 என்று மறுகணமும் காட்டியது. அட்டைப்பெட்டியிலோ அதிகபட்சம் 1,500 சுற்று என்று அச்சிட்டிருந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டபோது, “பயாஸ் அப்படித்தான் தப்பாகக் காட்டும், கண்டுகொள்ளாதீர்கள்” என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். வேகத்தைத் தெரிவிப்பது விசிறி இணைப்பின் மூன்றாம் பின் (உலோக முனை). நல்ல ஸ்ப்ளிட்டரில் ஒரேயொரு முனையில் மட்டும் அந்தப் பின் இருக்கும், மற்ற முனைகளில் இருக்காது. எனக்குப் போட்டிருந்த மலிவான ஸ்ப்ளிட்டர்களில் எல்லா முனைகளிலும் அது இருந்ததால், ஆறு விசிறிகளின் சமிக்ஞைகளும் ஒன்றோடொன்று கலந்து அந்தப் பொருளற்ற எண்களைத் தந்திருக்கின்றன.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஆறு விசிறிகளும் ஒரே நேரத்தில் நின்றிருந்தன. பின்தகட்டைக் கழற்றியபோதுதான் கடைக்காரரின் கைவண்ணம் தெரிந்தது: ஸ்ப்ளிட்டருக்குள் ஸ்ப்ளிட்டராகச் செருகி, ஏற்கெனவே தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய மூன்று விசிறிகளையும் பிடுங்கி, ஆறையும் ஒரே ஹெடரில் கொண்டு சேர்த்திருந்தார்கள். மற்ற இரண்டு ஹெடர்களும் காலியாகக் கிடந்தன. ஒயர்கள் பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாகப் பிறகு விளக்கம் சொன்னார்கள்.

கணக்கு மிக எளியது. என் மதர்போர்டின் கையேட்டில் ஒரு ஹெடருக்கு அதிகபட்சம் 1 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் 12 வாட், என்று தெளிவாக எழுதியிருக்கிறது. புதிய விசிறிகளின் முதுகில் ஒட்டிய லேபிளில் 0.30 ஆம்பியர், பழையவற்றில் 0.18. ஆறையும் கூட்டினால் 1.44 ஆம்பியர். சுழலத் தொடங்கும் கணத்தில் விசிறி வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் சுமை அதற்கும் மேலே போயிருக்கிறது. ஒரு ஹெடருக்குப் புதியது ஒன்று, பழையது ஒன்று என்று பிரித்திருந்தால் 0.48 ஆம்பியரோடு முடிந்திருக்கும். மூன்று சாதாரண ஸ்ப்ளிட்டர்களே போதுமாக இருந்த வேலை இது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

கடையில் போய்க் கேட்டபோது, உங்கள் வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்றார்கள். மதர்போர்டின் சர்வீஸ் சென்டரில், கருகிய தடம் இருப்பதால் வாரண்டி செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம் என்று பார்த்தால், என் கையில் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத ‘எஸ்டிமேட்’ சீட்டு. பூட்டுக்கூலி அதில் எழுதப்படவே இல்லை. பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது தனி மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை, அதாவது பல விசிறிகளை ஒன்றாக இணைக்கும் பலகையை, வாங்கி நானே மாட்டியிருக்கிறேன். விசிறிகளுக்கான மின்சாரம், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் சாட்டா ஒயரிலிருந்து (ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் ஒயர்) நேராக வருகிறது. மதர்போர்டிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுச் சமிக்ஞை மட்டுமே போகிறது. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு 4.5 ஆம்பியர் வரை இடம் உண்டு. இந்த ஹப்பை விற்றவர், மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் இணைப்பைச் சாட்டாவாக மாற்றும் மாற்றி ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார். ஒயர்களின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துச் செய்யும் வகை அது. உள்ளே ஒயர் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேகக் கட்டுப்பாட்டுச் சமிக்ஞை நான்காம் பின் வழியாகத்தான் வரும். என் பழைய விசிறிகளும் நான்கு பின் உடையவை என்பதால் ஆறும் சேர்ந்து வேகம் மாறுகின்றன. மூன்று பின் விசிறியை இத்தகைய ஹப்பில் போட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் இரையும். பயாஸ் இப்போது 900 சுற்று என்று காட்டுகிறது, எண் குதிப்பதில்லை. கருகிய ஹெடரின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.