பவர்டாய்ஸ் கீபோர்டு மேனேஜர்: விசைப்பலகையை வசதிக்கேற்ப மாற்ற
விண்டோஸ் கணினியில் குறுக்குவிசைகளை (ஷார்ட்கட்) நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள, மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள கீபோர்டு மேனேஜரையே முதலில் பரிந்துரைப்பேன். பலரிடம் பயன்படாமலே கிடக்கும் கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோலாக மாற்றிவிட்டால், ஒவ்வொரு முறை காப்பி, பேஸ்ட் செய்யும்போதும் இடக்கைச் சுண்டுவிரலைக் கீழே மடக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு குறுக்குவிசை எக்செலில் மட்டும் மாற வேண்டுமென்றால், அதற்குரிய கட்டத்தில் அச்செயலியின் பிராசஸ் பெயரைக் (கணினிக்குள் அது இயங்கும் பெயர்; எக்செலுக்கு excel) குறிப்பிட்டால் போதும், மற்ற செயலிகளில் பழைய வழக்கமே தொடரும் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த வசதி. பவர்டாய்ஸ் பின்னணியில் இயங்கினால்தான் மாற்றங்கள் செயல்படும் என்பதால், கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையில் விசைகள் பழையபடியே இருக்கும். இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸ்+எல், கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் ஆகிய இரண்டும் இயங்குதளத்துக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை மாற்ற இயலாது.