ஸ்காட்லாந்து வம்சாவளி தேடித் தருகிறோம் என்பவர்களிடம் 640 பவுண்டு இழந்தேன்

நேற்றிரவு வந்த மின்னஞ்சலின் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். முன்னோரைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையவழி நிறுவனத்திடம் 640 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன். என் மனைவி ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வர்னஸ் பக்கத்தவர். மாமியாரின் 80-ஆவது பிறந்த நாளுக்கு அவருடைய வம்சாவளியைச் சட்டமிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் நம்பியதற்குக் காரணம், தொலைபேசியில் பேசியவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததுதான். ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஊர்த் திருச்சபைப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்ததால் ஏழைகள் பலர் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைப் பதியாமலே விட்டார்கள் என்றும், 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது பிரிந்துபோனவர்களின் பிள்ளைகள் பழைய ஏடுகளில் இல்லாமல் போனார்கள் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு தெரிந்தவர் கவனமாகத்தான் தேடுவார் என்று எண்ணி அன்றைக்கே முழுத் தொகையையும் செலுத்தினேன்.

வந்த அறிக்கை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் 1690-கள் வரை போனது. குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் 1855-இல் இறந்தவர். அந்த ஓர் ஆண்டின் மரணப் பதிவில் மட்டும் பிறந்த ஊரும் இருக்கும் என்பதால், அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் சிறு கட்டணம் கட்டி அந்தப் பக்கத்தை நானே எடுத்துப் பார்த்தேன். பிறந்த ஊர் இன்வர்னஸ் அருகிலுள்ள கில்டார்லிட்டி; தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிராண்ட். நிறுவனம் இணைத்திருந்ததோ அபர்டீன்ஷயரில் ஞானஸ்நானம் பெற்ற, அதே பெயருடைய வேறொரு குழந்தை. தாயின் பெயர் ஃபார்க்கர்சன்.

கேட்டேன். ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை, பழைய ஏடுகளில் எழுத்து மாறுவது இயல்பு என்றார்கள். குடும்பப் பெயரின் முன்னொட்டு மக், மாக் என்று மாறும், ஒப்புக்கொள்கிறேன். கிராண்ட் எப்படி ஃபார்க்கர்சன் ஆகும்? மூன்றாம் முறை, மரணத்தைத் தெரிவித்தவரே தவறாகச் சொல்லியிருக்கலாம் என்றார்கள். இருக்கலாம்தான், ஆனால் அந்த ஐயத்தை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா? நேற்றைய பதில்: கட்டணம் தேடிய நேரத்துக்கே, முடிவுக்கு அல்ல. 640 பவுண்டும் திரும்பாது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் மூலப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். 1855-க்கு முன் ஓர் இடைவெளிகூட இல்லாத வம்சாவளி வந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறந்த நாள் சனிக்கிழமை. அந்த 1855-ஆம் ஆண்டுப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் சட்டமிடக் கொடுத்திருக்கிறேன்.