தோற்க வேண்டிய டெஸ்ட்டைச் சோதிக்க: டெஸ்ட்2-இன் இன்டர்செப்ட்

சொந்தமாக எழுதிய டெஸ்ட் ஃபங்ஷன், தோற்க வேண்டிய இடத்தில் ஒழுங்காகத் தோற்கிறதா? நேரடியாக ஓட்டிப் பார்த்தால் அந்தத் தோல்வி நம் கணக்கிலேயே ஏறி, ஃபைல் மொத்தமும் ஃபெயில் ஆகிவிடும். பெர்ல் மொழியில் டெஸ்ட் எழுத உதவும் டெஸ்ட்2 ஏபிஐ-யில் இருக்கும் இன்டர்செப்ட் என்ற ஃபங்ஷன் இதற்குத்தான்; சோதிக்க வேண்டிய கோடை ஒரு பிளாக்காக அதனிடம் கொடுக்கிறோம். 5.26 பதிப்பு முதல் பெர்லோடு சேர்ந்தே வருகிறது.

இதே வேலைக்கான பழைய மாட்யூல் டெஸ்ட் பில்டர் டெஸ்டர், வெளியே வரும் வரிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தோல்விச் செய்தியில் ஒரு இடைவெளி மாறினாலும் உடையும். இன்டர்செப்ட் அந்த வம்புக்கே போவதில்லை. பிளாக் ஓடும்வரை, டெஸ்ட் முடிவுகளைச் சேர்க்கும் ஹப்களின் அடுக்கின் மேல் தற்காலிகமாக ஒரு ஹப்பை வைக்கிறது. உள்ளே எழும் நிகழ்வுகள் (ஒவ்வொரு டெஸ்ட் முடிவும், அதன் செய்தியும் ஒரு நிகழ்வு) அதில் விழும். முடிந்ததும் ஹப்பை எடுத்துவிட்டு, அவற்றை அரே ரெஃபரன்ஸாகத் தரும். உள்ளே பெயில் அவுட் (டெஸ்ட் ஓட்டத்தையே நிறுத்தும் கட்டளை) ஆனாலும் பிளாக் மட்டுமே நிற்கும், ஸ்கிரிப்ட் தொடரும். வெறும் எக்ஸிட் எழுதினால் ஸ்கிரிப்ட்டும் போய்விடும். பிரிண்ட், வார்ன் இரண்டும் நிகழ்வுகள் அல்ல; அவை பிடிபடாமல் திரையில் கொட்டும்.

பலர் தடுக்கி விழுவது எண்ணிக்கையில். பிளாக்குக்குள் டெஸ்ட் மோர் மாட்யூலின் ஓகே-யை (கொடுத்தது உண்மையா என்று பார்க்கும் டெஸ்ட்) 0 கொடுத்து ஒரு முறை, 1 கொடுத்து ஒரு முறை அழையுங்கள். வருவது மூன்று நிகழ்வுகள்: தோற்ற ஓகே, அதன் டயக் (தோல்வியை விளக்கும் செய்தி), ஜெயித்த ஓகே. இன்டெக்ஸ் 1-இல் ஓகே இருக்கும் என்று நம்பி அதனிடம் பாஸ் (ஜெயித்ததா என்ற விடை) கேட்டால், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று பெர்ல் நின்றுவிடும். இன்டெக்ஸை நம்பாமல் வகை பார்த்துப் பிரித்தெடுங்கள். புதிய பதிப்புகளில், திரும்பி வரும் பட்டியலுக்கே அசெர்ட்ஸ், டயக் மெசேஜஸ், ஸ்டேட் என்று மெத்தட்கள் உண்டு. ஸ்டேட் ஒன்றே எண்ணிக்கை, தோல்வி, பிளான் (எத்தனை டெஸ்ட் ஓடும் என்ற அறிவிப்பு) எல்லாம் சொல்லிவிடும். 5.26-உடன் வந்த பதிப்பில் இவை கிடையாது, பெர்ல் மாட்யூல் கிடங்கான சிபானிலிருந்து, டெஸ்ட்2 அடங்கிய டெஸ்ட் சிம்பிள் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

டூடூ (இன்னும் சரிசெய்யாதது என்ற குறி) போட்ட தோல்வியில் பாஸ் 0, எஃபெக்டிவ் பாஸ் (மொத்த முடிவுக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு) 1. எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

இன்டர்செப்ட்டின் உண்மையான மதிப்பு ட்ரேஸில், அதாவது நிகழ்வு எந்த வரியில் எழுந்தது என்ற பதிவில், இருக்கிறது. பிடித்த நிகழ்வின் ட்ரேஸிடம் லைன் கேட்டு, பிளாக்குக்குள் ஃபங்ஷனை அழைத்த வரியோடு ஒப்பிடுங்கள். ஃபங்ஷனின் உட்புற வரி வந்தால், அங்கே கான்டெக்ஸ்ட் (அழைத்த இடத்தை நினைவில் வைக்கும் ஆப்ஜெக்ட்) எடுக்கவில்லை, அல்லது தாமதமாக எடுக்கிறீர்கள். எடுத்ததை ரிலீஸ் செய்ய மறந்தால் வரும் எச்சரிக்கை வார்ன் வழியாகத்தான் வரும். பிடித்த பட்டியலில் தேடிப் பயனில்லை.

ஒரே குறை: பிளாக்குக்குள் டை (பிழையோடு நிற்பது) ஆனால் அது வெளியே வந்துவிடும், ஆனால் உள்ளே தோற்ற டெஸ்ட்கள் சத்தமே இல்லாமல் மறையும். திரும்பி வந்த பட்டியலை யாரும் பார்க்காவிட்டால் எல்லாம் பச்சைதான். கோட் ரிவ்யூவில், இன்டர்செப்ட்டின் ரிட்டர்ன் வேல்யூவை எடுத்துக்கொள்ளாத வரி கண்ணில் பட்டால் அப்படியே திருப்பி அனுப்பலாம்.