காலாவதியாகும் மைல்கள்: எந்தக் கணக்கில் சேரலாம்?

நண்பர் ஒருவருக்கு வேலை மாறியிருக்கிறது. இனி அடிக்கடி வெளிநாடு போக வேண்டியிருக்கும். எந்த விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் சேரலாம் என்று கேட்டார். பறக்கும்போது சேரும் புள்ளிகளைத்தான் மைல் என்கிறார்கள்; போதுமான அளவு சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக எனக்கு ஒரு மைல் கணக்கு இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சேவையில் குறை சொல்ல முடியாது. பயணம் முடிந்த சில நாட்களில் மைல்கள் ஏறிவிடும். மைல் கொடுத்து எடுத்த டிக்கெட்டில் தேதியை மாற்றக் கேட்டாலும் தொலைபேசியில் பொறுமையாகப் பேசுவார்கள். ஆனால் ஏறிய ஒவ்வொரு மைலும் மூன்றாண்டு முடிந்ததும் அழிந்துவிடும். இடையில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் ஒரு நாள்கூட நீளாது. வாரந்தோறும் பறப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆண்டுக்குச் சில பயணம் மட்டும் போகிற எனக்கு, குடும்பத்துக்கு டிக்கெட் எடுக்கும் அளவு சேர்வதற்குள் முதலில் சேர்ந்தவை போய்விடுகின்றன. இருப்பதைச் செலவழிக்கலாம் என்றால், பள்ளி விடுமுறையில் மைல் டிக்கெட்டுக்கு இருக்கை கிடைப்பதில்லை. காசு கொடுத்துப் பறந்து சேர்த்ததை எடுத்துக்கொள்ள இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

சேரும் முன் காலாவதி விதியைப் படியுங்கள். பறக்கும் நிறுவனத்திலேயே மைல் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது பலருக்குத் தெரியாது. ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. அதில் பறந்துவிட்டு, அதே கூட்டணியிலுள்ள யுனைடெட் நிறுவனத்தின் மைலேஜ்பிளஸ் கணக்கில் வரவு வைக்கலாம். அங்கே 2019 முதல் மைல்களுக்குக் காலாவதியே கிடையாது. மலிவான டிக்கெட்டுக்குக் குறைவாகத்தான் ஏறும், சிலவற்றுக்கு ஏறாமலே போகலாம். எடுக்கும் முன் கட்டண வகுப்பை, அதாவது டிக்கெட் எந்த விலை வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்காரர்கள் இதில் எவ்வளவோ மேல். மாரியட் ஹோட்டல்களின் புள்ளித் திட்டமான பான்வாயில் 24 மாதத்துக்குள் ஒருமுறை தங்கினால் போதும், மொத்தப் புள்ளிகளும் தப்பிவிடும். அறையை மட்டும் அவர்களிடமே நேரடியாக முன்பதிவு செய்யுங்கள். இடைத்தரகுத் தளங்கள் வழியாக எடுத்தால் பொதுவாகப் புள்ளி ஏறாது.

என் பழைய கணக்கைப் பற்றி நண்பர் திரும்பத் திரும்பக் கேட்டார். சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நிறுவனத்தின் விமானத்தில்தான் இனியும் பறப்பேன். மைல் மட்டும் வேறு கணக்குக்குப் போகும்.