பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி பேட்ஜ்: பின்புறத்தைப் பாருங்கள், பாலிஷைத் தள்ளி வையுங்கள்

பழைய தொப்பி பேட்ஜ் கைக்கு வந்ததும் பளபளவென்று தேய்த்துவிடத் தோன்றும். அதன் விலையைக் குறைக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அசலா போலியா என்று சொல்லும் தடயங்களில் பாதி, அந்த அழுக்கிலும் தேய்மானத்திலும்தான் இருக்கின்றன.

முதலில் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த பேட்ஜில் முன்பக்கம் மேடாக இருக்கும் இடமெல்லாம் பின்பக்கம் குழிந்திருக்கும். வார்ப்புப் போலியில் பின்பக்கம் பெரும்பாலும் தட்டை. பத்து மடங்கு லென்ஸில் ஊசிமுனைத் துளைகளும் பொரிந்த பரப்பும் தெரியும். மாலைக்கும் நடுச்சின்னத்துக்கும் இடையே வெட்டி எடுத்த இடைவெளிகளின் ஓரம் அசலில் கூர்மையாகவும் வார்ப்பில் மழுங்கியும் இருக்கும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு கலந்த நகல். ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

கஷ்டம் கொடுப்பவை பழைய அச்சிலேயே பின்னாளில் அடித்த மறு அச்சுகள். இவற்றில் குழிவும் சரியாக இருக்கும், ஓரமும் சரியாக இருக்கும். அப்போது தேய்மானத்தை ஒப்பிட வேண்டும். முன்புறம் நூறு வருடம் தேய்ந்ததுபோல் இருந்து, தொப்பியில் செருகும் ஸ்லைடர் மட்டும் கீறலே இல்லாமல் நின்றால் சந்தேகப்படலாம். ஸ்லைடரா, லக்கா (பின்புறம் பற்றவைத்த கம்பி வளையம்) என்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. முதல் உலகப்போரில் இரண்டுமே புழங்கின. பற்றாசைச் சுற்றி உலோகம் நிறம் மாறியிருந்தால், பின்னர் யாரோ மாற்றிப் பற்றவைத்திருக்கலாம்.

அடுத்தது கிரீடம். 1901 வரை விக்டோரியா கிரீடம். அதன்பின் 1952 வரை வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்த டியூடர் கிரீடம். பிறகு எலிசபெத் காலத்தின் செயின்ட் எட்வர்ட் கிரீடம். 2022 முதல் மறுபடியும் டியூடர். விக்டோரியா கிரீடத்துக்கும் எலிசபெத் கிரீடத்துக்கும் நடுவில் பள்ளம் உண்டு, அதனால் புதியவர்கள் குழம்புவார்கள். படைப்பிரிவின் ஆயுளோடு சேர்த்துப் பார்த்தால் தெளிந்துவிடும். 1912 முதல் 1918 வரை மட்டுமே இருந்த ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ் என்ற விமானப் பிரிவின் பேட்ஜில் எலிசபெத் கிரீடம் வர வழியே இல்லை. எழுத்தும் உதவும்: ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் பெயரில் ஆங்கில 'எஸ்' போய் 'சி' வந்தது 1920இல்.

நம் ஊர்த் தொடர்புள்ளது ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ். 102ஆம் ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸும் 103ஆம் ராயல் பாம்பே ஃப்யூசிலியர்ஸும் சேர்ந்து 1881இல் உருவாகி, 1922இல் கலைக்கப்பட்ட ரெஜிமெண்ட். அதன் பேட்ஜ், தீப்பிழம்பு எழும் கையெறிகுண்டு. குண்டின் உருண்டையில் புலி, கீழே யானை. தேடுபவர்கள் அதிகம், நகலும் அதிகம். யானையின் கால்களும் தும்பிக்கையும் தனித்தனியாகத் தெரியாமல் கரைந்திருந்தால் வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. வழக்கமாகப் பித்தளையும் வெள்ளை உலோகமும் கலந்து வந்த சில பேட்ஜ்கள் 1916 வாக்கில் சிக்கனத்துக்காக முழுப் பித்தளையில் அடிக்கப்பட்டன. அவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இனி சுத்தம். நீண்ட காலப் புழக்கத்தில் நிலைத்தது மிகச் சாதாரணமான முறைதான்: அரை லிட்டர் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர், நாலைந்து சொட்டு மென்மையான திரவ சோப்பு, பத்து நிமிட ஊறல், குழந்தைகளுக்கான மெல்லிய டூத் பிரஷ். வேறு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டினால் ஸ்லைடர் இடுக்கிலும் ஈரம் தங்காது. இடுக்குகளில் காய்ந்து வெளுத்த பழைய பாலிஷை ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்டை நீர்க்கவைக்கும் திரவம்) தடவி இளக்கி, பல்குத்தும் குச்சியால் எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

பச்சைக் களிம்பு இரண்டு வகை. மெழுகுபோல் ஒட்டியிருப்பது தோல் பட்டையின் எண்ணெய் செம்போடு சேர்ந்து உண்டானது. ஒயிட் ஸ்பிரிட்டும் குச்சியும் போதும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, துடைத்தும் திரும்பி வருவது குளோரைடு அரிப்பு. அதைத் தனியே பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

புளி, எலுமிச்சை இரண்டும் கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, பேட்ஜில் அமிலம் பட்டால் பரப்பு செம்புச் சிவப்பாகிவிடும், இரட்டை உலோக பேட்ஜின் இணைப்புக்குள் புகுந்து அங்கேயே தங்கியும் விடும். அம்மோனியா கலந்த திரவத்தில் ஊறவைப்பதும் தவறு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கருகே வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டதற்குக் காரணம் அம்மோனியாதான்.

அதிகாரிகளின் வெண்கல நிற பேட்ஜில் உள்ள பழுப்பு, மேல்பூச்சு மட்டுமே. ஒரு தரம் பாலிஷ் போட்டால் போயே போச்சு. இரண்டாம் உலகப்போரின் பிளாஸ்டிக் பேட்ஜில் அசிட்டோன் பட்டால் கரையும். 1950களுக்குப் பிந்தைய அனோடைஸ்டு அலுமினியத்துக்கு சோப்புத் தண்ணீர் மட்டும்.

முடிவில் ரெனசான்ஸ் வாக்ஸ் போன்ற மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை உலோக பேட்ஜில் அரிசியளவு தடவித் துடைக்கலாம். அதிகம் பூசினால் எழுத்துகளுக்குள் வெள்ளையாகத் தேங்கும். சேமிக்க பிவிசி உறையும் கம்பளித் துணியும் வேண்டாம். முன்னதிலிருந்து அமில ஆவி, பின்னதிலிருந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும் கந்தகம். கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் மாற்றிவிட வேண்டும்.