காகிதத்தில் ரோஜா, கையில் வெள்ளை: வெளிறிய இளஞ்சிவப்பு வைரத்தை இணையத்தில் வாங்குவது

பெட்டியைத் திறந்து கல்லை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன். எட்டிப் பார்த்த தம்பி கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, கல்லை மாற்றி அனுப்பிவிட்டார்களா?"

மாற்றி அனுப்பவில்லை. கல்லோடு வந்த தர அறிக்கையின் எண், எடை, அளவு எல்லாம் சரியாகவே இருந்தன. நிறம் என்ற இடத்தில் 'ஃபெயின்ட் பிங்க்', அதாவது மிக மங்கலான இளஞ்சிவப்பு, என்று தெளிவாக அச்சாகியிருந்தது. விற்றவர் அனுப்பிய படத்தில் ரோஜா இதழாகத் தெரிந்த கல், ஜன்னல் வெளிச்சத்தில் தண்ணீர்த் துளியாக உட்கார்ந்திருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை; படம்தான் கொஞ்சம் மிகையாகப் பேசிவிட்டது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த சில மாதங்கள் இந்த வெளிறிய நிறத்துக்குப் போட்டியாக என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜிஐஏ எனப்படும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் அளவுகோலில் இளஞ்சிவப்பு நிறம் ஃபெயின்ட், வெரி லைட், லைட், ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று படிப்படியாக ஏறும். ஆழ்ந்த, இருண்ட நிறங்களுக்கு டீப், டார்க் என்று தனிப் பெயர்கள் உண்டு. முதல் மூன்று படிகளில் 'ஃபேன்சி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்பனைத் தலைப்பில் 'ஃபேன்சி பிங்க்' என்றும் அறிக்கையில் 'ஃபெயின்ட்' என்றும் இருந்தால், அந்தக் கடையோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பம். வெள்ளை வைரத்தைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கம் வழியாகப் பார்த்து, நிறமே இல்லாத டி முதல் வெளிர்நிறம் தெரியும் இசட் வரை தரம் பிரிப்பார்கள். நிற வைரத்தை முகம் மேலாக வைத்தே பார்ப்பார்கள். அணியும்போது தெரியும் நிறத்துக்குத்தான் மதிப்பெண் என்பதால் வாங்குபவருக்கு இது நல்லதே. ஆனால் அந்த மதிப்பெண், சாயம் கலக்காத பின்னணியில், வரையறுத்த பகல் ஒளி விளக்கின் கீழ், பழகிய கண் போட்டது. சாப்பாட்டு மேசையின் மஞ்சள் விளக்குக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை.

பெரிய ஃபெயின்ட்டா, சின்ன ஃபேன்சி லைட்டா?

உண்மையான போட்டி இங்கேதான். ஒரே தொகைக்கு ஒரு பக்கம் விரலில் நன்றாகத் தெரியும் அளவுள்ள ஃபெயின்ட் கல் கிடைக்கும். மறுபக்கம் அதைவிட மிகச் சிறிய ஃபேன்சி லைட் கல் கிடைக்கும். 'ஃபேன்சி' என்ற ஒரு சொல் ஏறியவுடன் விலை ஒரே தாவாகத் தாவுகிறது. 'லைட்' தரத்தின் மேல் எல்லையில் நிற்கும் கல்லுக்கும் 'ஃபேன்சி லைட்' தரத்தின் கீழ் எல்லையில் நிற்கும் கல்லுக்கும் கண்ணுக்கு வேறுபாடு மயிரிழைதான். விலையிலோ அது மதில் சுவர். என் கணக்கில், இந்தச் சந்தையில் கொஞ்சமாவது லாபம் பார்க்க வழி இருந்தால் அது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான்: வெரி லைட், லைட்.

ஃபெயின்ட்டின் சிக்கல் வேறு மாதிரி. அதே எடையுள்ள வெள்ளை வைரத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம்; பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதை வெள்ளை என்றே நினைக்கிறார்கள். இந்த ரகசியமே பிடித்துப் போய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'எனக்குத் தெரிந்தால் போதும்' என்பவர்களுக்கு ஃபெயின்ட் அருமையான கல். 'ரோஜா நிற வைரம்' என்று நாலு பேரிடம் காட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அறிக்கையையும் கூடவே எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

இரண்டு கற்களும் ஒரே படியில் இருந்தால், துணை நிறத்தைப் பாருங்கள். நிறப் பெயரில் கடைசிச் சொல்தான் எஜமான். 'பிரவுனிஷ் பிங்க்' என்றால் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. 'பிங்கிஷ் பிரவுன்' என்றால் அது பழுப்புக் கல், இளஞ்சிவப்பு வெறும் விருந்தாளி. ஆழ்ந்த நிறத்தில் கொஞ்சம் பழுப்பு சூட்டைக் கொடுக்கும். வெளிறிய நிறத்தில் அதே பழுப்பு ஆறிப்போன தேநீரை நினைவூட்டும். ஊதா கலந்த 'பர்ப்ளிஷ் பிங்க்' அப்படிக் குழம்புவதில்லை. மெலிந்தாலும் ரோஜாவாகவே மெலிகிறது.

வெட்டிலும் இதே கதை. வட்ட பிரில்லியன்ட் வெட்டு வெள்ளை ஒளியை வாரி இறைக்கும்படி அமைந்தது. மெல்லிய நிறத்தை அது கழுவிவிடும். ரேடியன்ட், குஷன், ஓவல் வெட்டுகள் நிறத்தை உள்ளே சேர்த்துவைத்துக் காட்டும். வெளிறிய கல்லை வட்டத்தில் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

குறைகள் பற்றி ஒரு வார்த்தை. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. ஆழ்ந்த நிறக் கல்லில் இவை நிறத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஃபெயின்ட்டில் ஒளிய இடம் கிடையாது. ஆகவே நிறம் குறையக் குறையத் தெளிவைப் பற்றிக் கூடுதலாகக் கறாராக இருங்கள்.

ஆர்கைல் முத்திரைக்குத் தனி விலை கொடுக்கலாமா?

உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்திலிருந்து வந்தவை. 2020 நவம்பரில் ரியோ டின்டோ நிறுவனம் அதை மூடியது. அன்று தொடங்கி இளஞ்சிவப்புக் கல் விற்பவர்கள் எல்லோர் வாயிலும் இதே பேச்சுதான்: 'இனிமேல் கிடைக்காது'. அதோடு 2017இல் ஹாங்காங் ஏலத்தில் 59.60 காரட் 'பிங்க் ஸ்டார்' 7 கோடி டாலருக்கு மேல் போன கதையையும் சேர்த்துக்கொள்வார்கள். பிங்க் ஸ்டார் ஃபேன்சி விவிட் தரம். அதன் விலையைச் சொல்லி ஃபெயின்ட் கல்லை விற்பது, யானை போன தெருவைக் காட்டி ஆட்டுக்குட்டிக்கு விலை பேசுவது போல.

ஆர்கைலுக்குச் சொந்த அளவுகோலே இருந்தது. 1 என்றால் மிக ஆழ்ந்த நிறம், 9 என்றால் மிக வெளிறியது. அந்தச் சுரங்கத்தின் புகழ் முழுக்க முதல் சில எண்களால் வந்தது. 8, 9 எண் கற்களும் அதே பெயரைச் சுமந்து, பெயருக்கான விலையையும் கேட்கின்றன. வெளிறிய நிறம்தான் வேண்டுமென்றால் அந்தப் புகழுக்கு ஏன் பணம்? நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத 'டைப் டூ-ஏ' வகைக் கற்கள் பல இயல்பிலேயே மெல்லிய நிறமும் நல்ல நீரோட்டமும் கொண்டவை. பழைய கோல்கொண்டா வைரங்கள் அந்தக் குலம். ஈரானின் அரச நகைகளில் இருக்கும் தர்யா-இ-நூர்கூட வெளிறிய இளஞ்சிவப்புதான். மென்மைக்கும் மரியாதை உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நிறம் வந்த வழியும் சுவையானது. நீல வைரத்துக்கு போரான் போல, மஞ்சளுக்கு நைட்ரஜன் போல, பெரும்பாலான இளஞ்சிவப்புக் கற்களுக்கு ஒரு கலப்புத் தனிமம் காரணம் கிடையாது. பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் படிகத்தின் அடுக்குகள் வழுக்கி நெளிந்ததால், 550 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை விழுங்கும் குணம் வந்தது. ஆர்கைல் கற்களை உருப்பெருக்கியில் பார்த்தால் நிறம் கோடு கோடாகப் படுத்திருப்பது தெரியும். ஒளி எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்து நிறம் தோன்றி மறைவதும் இதனால்தான்.

ஆய்வகக் கல், மாற்றிய கல், வேறு மணி

நிறம் கண்ணில் பட வேண்டும், கல் வைரமாகவே இருக்க வேண்டும், பணமும் அளவோடு போக வேண்டும் என்றால் ஆய்வகத்தில் வளர்த்த இளஞ்சிவப்பு வைரம்தான் வெல்கிறது. பெரும்பாலும் வளர்த்த கல்லைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சூடாக்கி நிறம் ஏற்றுகிறார்கள். அப்போது படிகத்தில் உருவாகும் நைட்ரஜன்-வெற்றிட மையங்கள் (ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் அணு இல்லாத காலியிடமும்) நிறத்தைத் தருகின்றன. புற ஊதா விளக்கில் இவை ஆரஞ்சாக ஒளிரும். இயற்கையிலும் அபூர்வமாக இப்படிக் கற்கள் உண்டு என்பதால் ஆரஞ்சு ஒளியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கேள்வி கேட்க அது போதும். நிறம் நிலையானது, கடினமும் அதே கடினம். மறுவிற்பனைக் கனவை மட்டும் விட்டுவிட வேண்டும்: ஆய்வக வைரங்களின் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. இயற்கை ஃபெயின்ட்டை மறுபடி விற்பதும் எளிதென்று யாரும் நம்ப வேண்டாம். அதைத் தேடி வருபவர்கள் குறைவு.

இயற்கைக் கல்லையே உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து, பழுப்பிலிருந்து இளஞ்சிவப்பாக மாற்றுவதும் உண்டு. அறிக்கையில் அதைச் சொல்லி, விலையிலும் அதைக் காட்டினால் குற்றமில்லை. ஆனால் மேலே மெல்லிய படலம் பூசிய கல்லைத் தொடவே வேண்டாம். ஆசாரியின் ஊதுகுழல், அமிலக் கழுவல், மறு மெருகு எது பட்டாலும் பூச்சு கெடும். அப்படிப்பட்ட கல்லுக்கு ஜிஐஏ தரச் சான்று தருவதே இல்லை. எனவே சான்றில்லாத, மலிவான, சந்தேகப்படும்படி அழகான இளஞ்சிவப்புக் கல் இணையத்தில் கண்ணில் பட்டால் முதலில் பூச்சை நினையுங்கள்.

வைரம் என்ற பெயர் வேண்டாமென்றால் பிங்க் சஃபையர் இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடும். வைரத்துக்கு 10 தரும் மோஸ் கடின அளவில் இதற்கு 9, எந்த விளக்கிலும் நிறம் நிற்கும். வெப்பமூட்டியதா என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பினல் 8, அழகிலும் குறையில்லை. மார்கனைட் 7.5 முதல் 8 வரை. வெளிறிய பீச் நிறம் பிடித்தவர்களுக்கு நல்லது, தினசரி மோதிரத்தில் கொஞ்சம் கவனம் தேவை. வைரத்தின் அந்தக் கூர்மையான மினுக்கு மட்டும் இவை எதிலும் இல்லை.

எந்த மாதிரி விற்பனையாளர்?

ஆயிரக்கணக்கான கற்களைப் பட்டியலிடும் பெரிய தளங்களில் பல கற்கள் தளத்தாரின் கையிலேயே இருக்காது. மொத்த வியாபாரியின் பெட்டியில் இருக்கும். வெள்ளை வைரத்துக்கு அது பரவாயில்லை. அறிக்கையே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். ஃபெயின்ட் கல்லுக்கு அறிக்கை பாதிதான் சொல்கிறது. ஒரே தரம் வாங்கிய இரண்டு கற்கள் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை போலக்கூட இருக்காது. அதனால் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதைப் படம் பிடித்து அனுப்பும் சிறிய நிற வைர வியாபாரியையே நான் தேர்ந்தெடுப்பேன், விலை சற்றுக் கூடினாலும். இணைய ஏலம் மூன்றாவது வழி. திருப்பித் தரும் உரிமை பெரும்பாலும் இல்லாத இடத்தில் இப்படி ஒரு நிறத்தை வாங்குவதைச் சூதாட்டம் என்றே சொல்வேன்.

என்ன படம் கேட்பது? இதில் நான் பட்ட பாடு உங்களுக்கு உதவட்டும். இளஞ்சிவப்புத் தட்டில் வைத்த படம் செல்லாது. விரல் நுனிகளுக்கு நடுவே பிடித்த படமும் செல்லாது. தோலின் செம்மை கல்லுக்குள் புகுந்து ரோஜாவாகத் திரும்பி வரும். பார்க்கத்தான் எவ்வளவு அழகு! கேட்க வேண்டியது ஒன்றே: வெள்ளைத் தாளின் மேல், நிழலான பகல் வெளிச்சத்தில், அருகில் நிறமில்லாத ஒரு வைரத்தை வைத்து, கல்லை மெல்லச் சாய்த்து எடுத்த காணொளி. தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தாளே இளஞ்சிவப்பாக இருந்தால் கேமரா பொய் சொல்கிறது. உங்கள் திரையின் இரவு நிற அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒரு மாலை முழுவதும் நான் அதை மறந்துவிட்டு மூன்று கற்களை விரும்பித் தொலைத்தேன்.

மோதிரத்தில் பதித்த கல்லைவிடத் தனிக் கல்லே மேல். ரோஸ் கோல்டு கிண்ணத்தில் உட்கார்ந்த வெளிறிய கல்லில் எவ்வளவு நிறம் கல்லுடையது, எவ்வளவு உலோகத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கிய பிறகு நீங்கள் அப்படிப் பதித்துக்கொள்வது வேறு விஷயம். நானும் அதைத்தான் செய்தேன். கல் வந்தவுடன் அறிக்கை எண்ணை ஜிஐஏ தளத்தில் சரிபார்த்து, எடையையும் மில்லிமீட்டர் அளவையும் ஒப்பிடுங்கள். அறிக்கை பல ஆண்டுகள் பழையதென்றால் இடையில் கல்லை மறுபடி பட்டை தீட்டினார்களா என்று கேளுங்கள். நிறம் எப்படி வந்தது என்ற இடத்தில் 'இயற்கை' என்று அதில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் காலக்கெடு, காப்பீட்டோடு அனுப்பும் செலவு யாருடையது என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான் கடைசியில் வாங்கியது வெரி லைட் பர்ப்ளிஷ் பிங்க், குஷன் வெட்டு. முதல் கல்லைவிடச் சிறியது. வந்த அன்று காலை ஜன்னல் ஓரத்தில் அதையும் ஒரு வெள்ளை வைரத்தையும் தாளின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம்பியைக் கூப்பிட்டேன்.

"இதில் எது ரோஜா?"

குனிந்து பார்த்தான். "இடது பக்கம் இருப்பது. ஏன் அக்கா?"

மோதிரம் செய்யக் கொடுத்துவிட்டேன்.