செருப்புப் பெட்டியில் அறிவியல்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

திருமங்கலம் பக்கம் வேலை பார்க்கும் தோழி போனில் கேட்டார்: "அந்த அட்டைப் பெட்டியை இன்னும் வச்சிருக்கீங்களா, மூட்டை கட்டிட்டீங்களா? நானும் பத்தாம் வகுப்புக்கு ஆரம்பிக்கலாமான்னு பாக்குறேன்." போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மேலூர்ப் பக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பெட்டி முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: கேள்வி எழுதிய அட்டைகளைப் பெட்டிக்குள் அறை அறையாகப் பிரித்து வைத்து, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் புத்தகமாக எழுதியது. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். அவர் ஐந்து அறை சொன்னார். என் செருப்புப் பெட்டியில் மூன்றுதான் தடுக்க முடிந்தது. முதல் அறை தினமும், இரண்டாவது வாரம் ஒரு முறை, மூன்றாவது மாதம் ஒரு முறை. அட்டைகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டியது. வெள்ளைப் பக்கத்தில் கேள்வி, அதற்குக் கீழே பாடநூலின் பக்க எண். விடை எழுதுவதில்லை. புத்தகத்தை மூடி வைத்துச் சொல்ல வேண்டும், அப்புறம் திறந்து சரிபார்க்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. (பிள்ளையார் படம் போட்ட அட்டையை மட்டும் யாரும் கீழே போடுவதில்லை. அந்த அட்டைகள்தான் இன்றைக்கும் புதிதாக இருக்கின்றன.)

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியலில் கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு. நடத்திய அன்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். பத்து நாள் கழித்துக் கேட்டால் பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள். இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் அமிலம், தனிம வரிசை, நரம்பு மண்டலம் என்று கலந்து போட்டேன். ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், அதிகம் பேசாதவன், தூரப்பார்வை அட்டையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு, "தாத்தா கண்ணாடிய பேப்பருக்கு மேல தூக்கிப் பிடிச்சா எழுத்து பெருசாத் தெரியும் டீச்சர். அப்ப குவிலென்சு" என்றான். தாத்தாவுக்கு இருப்பது தூரப்பார்வை இல்லை, வயதானால் வரும் வெள்ளெழுத்து. கண்ணாடி, அரவிந்த் கண் முகாமுக்குப் போய் வந்த பிறகு வாங்கியது. ஆனால் லென்சு சரி. அவனாகத் தேடிப் பிடித்த விடை அது. திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருந்தால் அந்தக் கண்ணாடி அவன் ஞாபகத்துக்கு வந்திருக்காது.

ஸ்டாஃப் ரூமில், "இது நாம அந்தக் காலத்துல ஒப்பிச்சதுதானே" என்கிறார்கள். இல்லை. குறள் ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழாவது குறளைக் கேட்டுப் பாருங்கள், முதல் குறளிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வரும். அட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இந்த முறை வேலை செய்வது அன்றைக்குத் தெரியாது. நடத்திய மறுநாள் அட்டையை எடுத்தால் வகுப்பு திருதிருவென்று முழிக்கும். எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும். பக்கத்து வகுப்பில் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள், கேட்கிறவர்களுக்கு அங்கேதான் படிப்பு நடக்கிறது என்று தோன்றும். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையும் இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி வைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள். இத்தனைக்கும், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்தவர்கள்தான்!

அந்த ஒரு வாரத்தை நமக்கு யார் தருகிறார்கள்? பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், புள்ள நோட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்கிறார். பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரியும் நோட்டைத்தான் புரட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். அதைப் பார்த்தாலே படித்த மாதிரி இருக்கிறது. டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை அலசி, கோடு போடுவதையும் மறுவாசிப்பையும் கீழ் வரிசையில்தான் வைத்தார்கள். தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே இருந்தன. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல? பிள்ளைகளே நம்புவதில்லை. "முதல்ல படிக்க விடுங்க டீச்சர், அப்புறம் கேளுங்க" என்று கெஞ்சுவார்கள். இந்தக் கெஞ்சல் குறையும் என்று ஒவ்வொரு ஜூனிலும் நினைக்கிறேன். குறைந்தபாடில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் நாள் இன்னும் மோசம். வாய் முழுக்க பாலமேடு, அலங்காநல்லூர் மாட்டுக் கதை, அட்டைக்கு ஒரு வார்த்தை வராது. ஆனால் கொஞ்சம் மறந்து, பிறகு தேடி எடுப்பதில்தான் இந்த முறையின் பலனே இருக்கிறது. ஓரிரு வாரத்தில் அட்டைகள் மளமளவென்று மூன்றாம் அறைக்கு ஏறிவிடும். அதைப் பார்க்க அப்போது யாரும் வருவதில்லை.

இன்னொன்று, அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினா 12. அதற்கும் இரண்டு மதிப்பெண்ணுக்கும் அட்டை கைகொடுக்கும். ஏழு மதிப்பெண் நெடுவினாவுக்குப் போதாது; வெள்ளைத் தாளில் மூடி வைத்து எழுதிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே தோழி, பத்தாம் வகுப்பில் ஆரம்பிக்காதீர்கள். தேர்ச்சி விழுக்காடு கேட்டு உயிரை எடுப்பார்கள், திருப்புதல் தேர்வு துரத்தும், உங்கள் பொறுமை போய்விடும். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. பெற்றோர் கூட்டம் முடிந்த சாயங்காலம் எழுதுகிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு அட்டை தீர்ந்துவிட்டது. ஒரு பக்கமாவது வெள்ளையாக இருப்பதாகப் பார்த்துக் கொடுத்தனுப்புங்கள்.